சந்தேகமானாலும் அழுத்துங்கள்

கண்ணாடி அறைக்குள் இருத்தி,
காதுகளின் மேல் கறுப்புக் கிண்ணங்களைக் கவிழ்த்து,
கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து
நான் சொல்வது எப்போதும் இதைத்தான்:
எவ்வளவு மெல்லியதாய்க் கேட்டாலும் அழுத்துங்கள்.
கேட்டதா, கேட்கவில்லையா என்று சந்தேகம் வந்தாலும்
அழுத்துங்கள்.

பதினாறு வருஷமாய், மூன்று மொழியிலும்.
சிலர் வெட்கப்படுவார்கள்,
பிழையாய் அழுத்திவிடுவோமோ என்று.
சிலர், நான் ஒன்றுமே அனுப்பாதபோதும்
அழுத்திக்கொண்டே இருப்பார்கள்.
அவர்கள்மேல் எனக்கு ஓர் எரிச்சல் இருந்தது,
போன ஐப்பசி வரை.

மேல்வீட்டுத் துவான் சல்தீனையும் சோதித்திருக்கிறேன்.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்.
வலது காதில் நாலாயிரத்துக்கு மேல் எதுவும் இல்லை.
தாளில் கோடு சட்டென்று கீழே விழுவதைக் காட்டினேன்.
"குருவி போச்சு, மிஸ்" என்று சிரித்தார்.
"காகம் இருக்குதானே. கொழும்புக்கு அது போதும்."

அந்த இரவு மழை.
ஹம்டன் லேனில் முழங்கால் தண்ணீர்.
இரண்டு மணிக்கு விழிப்பு வந்தது.
தக்.
பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை.
தக். தக்.
குளியலறைச் சுவருக்குள்ளே, பைப்பில்.
மோட்டரில் காற்று அடைத்திருக்கும் என்று
வீட்டுக்காரரை இரண்டு வார்த்தை திட்டினேன்.
ஏதோ ஒன்று, என் குரலில் இல்லாத ஒன்று,
எழும்பு என்றது.
எழும்பி
ஃபேனைக் கூட்டி வைத்துவிட்டுப் படுத்தேன்.

ஐந்து மணிக்கு விளக்கேற்றினேன்.
தம்பியின் விசா, என் இடமாற்றம்...
ஒரு சொல்லாவது சொல்லு அம்மாளாச்சி,
எத்தனை நாளாய்க் கேட்கிறேன்,
வாயே திறக்கமாட்டியா?
வெளியே பாங்கு. பிறகு மயூராபதி மணி.
மாத்தறை ரயில் கடலோரம் கூவிப் போனது.
எல்லாம் ஓய்ந்த ஒரு சின்ன இடைவெளியில்
சுவருக்குள்
தக்.

மேலே ஓடினேன் என்று எழுத ஆசைதான்.
தேங்காய்ப்பூ பிழிந்து சொதி வைத்தேன்.
சேலை கட்டினேன். குடையைத் தேடினேன்.
படியிறங்கிய கால்
மூன்றாம் படியில் நின்றுவிட்டது.
மேலே நாற்காலி இழுபடவில்லை.
விடிந்தால் இழுபடுகிற நாற்காலி.

காவலாளி பியதிலக்க கதவை நெம்பித் திறந்தான்.
குளியலறை ஈரத்தில், இடுப்பு முறிந்து,
கையில் விளிம்பு நசுங்கிய அலுமினியக் கோப்பை.
உதடு வெளிறிக் கிடந்தவர் என்னைக் கண்டதும்
பியதிலக்கவிடம் சொன்னார்:
"கீழே காது மிஸ் இருக்கிறா.
அவவுக்குக் கேட்கும் என்று எனக்குத் தெரியும்."

கேட்டது, அங்கிள்.
ஐந்து மணிநேரமாய்க் கேட்டது.
இதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.
வாக்கரை ஊன்றி அவர் நடக்கிற சத்தத்துக்குக் கீழே
ஒவ்வொரு நாளும் தேநீர் குடிக்கிறேன்.

இப்போது நானும் பிழையாய் அழுத்துகிறவள்.
போன செவ்வாய், டிக்மன்ஸ் சந்தியில்
நெஞ்சுக்குள் ஏதோ இடற,
பஸ்ஸை விட்டிறங்கித் திரும்பி வந்தேன்.
காஸ் மூடியிருந்தது. அயன் அணைந்திருந்தது.
மேலே அவர் ரேடியோவுக்குப் பற்றரி மாற்றிக்கொண்டிருந்தார்.
அரைநாள் லீவு போனதுதான் மிச்சம்.
ஈரக்குடையோடு குசினி நடுவில் நின்றேன்.
யார் அனுப்பியது, அனுப்பியதுதானா என்று
கேட்டுப் பார்க்கவும் இல்லை.
நன்றி என்று மட்டும் சொன்னேன்,
குழாயைப் பார்த்து.

இன்று ஒரு பெண், கொட்டாஞ்சேனை,
தையல் தொழிற்சாலையில் வேலை.
நான் விரலை எடுத்து வைத்திருந்த நேரத்தில்
அவளுடைய விளக்கு எரிந்தது.
கதவைத் திறந்து, "என்ன கேட்டது?" என்றேன்.
"தெரியாது மிஸ். ஏதோ."

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில், பென்சிலால்,
குறித்துக்கொண்டேன்.